பொரித்த குஞ்சுக்கு ரோமம் சரியில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்குபேட்டரைத் திறந்ததும் "குஞ்சு ஒரு மாதிரியா இருக்கே" என்று போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்பவர்கள் நிறையப் பேர். சுற்றிச் சுற்றி அதே கேள்விகள்தான் வரும். நாட்டுக்கோழியை அடை வைத்தோ சின்ன மெஷின் வைத்தோ பொரிக்கிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பெரிய ஹேச்சரி (குஞ்சு பொரிப்பகம்) வைத்திருப்பவர்களுக்கும் சில இடங்கள் பயன்படலாம்.

குஞ்சு வெளியே வந்து மூன்று மணி நேரம் ஆகிறது. ரோமம் இன்னும் கம்பி கம்பியாக ஒட்டிக்கிடக்கிறது. கோளாறா?

பெரும்பாலும் இல்லை. முட்டைக்குள் ஏழாம் நாள் வாக்கில் ரோமத்தின் மொட்டுகள் தோலில் கிளம்பும், பதின்மூன்றாம் நாளுக்குள் உடம்பு முழுக்க மூடிவிடும். ஆனால் ஒவ்வொரு ரோமமும் மெல்லிய உறை ஒன்றுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். குஞ்சு வெளியே வந்த பிறகு அந்த உறை காய்ந்து, வெடித்து, தூளாக உதிர வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் இழைகள் விரிந்து நாம் பார்க்கும் பஞ்சு மாதிரியான குஞ்சு கிடைக்கும். தாய்க்கோழியின் வயிற்றுக்கடியில் இருக்கும் குஞ்சுக்கும், மெஷினில் பத்துப் பதினைந்து பேரோடு முட்டி மோதிக்கொண்டிருக்கும் குஞ்சுக்கும் இந்த உரசல் தானாகக் கிடைத்துவிடுகிறது. மெஷினில் ஒற்றைக் குஞ்சாகப் பொரித்தது என்றால் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

பொரிப்பு முடிந்ததும் மெஷினுக்குள் படிந்து கிடக்கும் வெளிர் தூசு பெரும்பாலும் இந்த உறைகளின் தூள்தான். சுத்தம் செய்யும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், அதில் கிருமியும் கலந்திருக்கும். இன்னொன்று, உறையைக் கையால் உரித்து விடுகிறேன் என்று உட்காராதீர்கள். ஹேர் டிரையரும் வேண்டாம்.

எவ்வளவு நேரம்தான் உள்ளேயே விடுவது? பசியில் செத்துவிடாதா?

சாகாது. வெளியே வருவதற்கு முன்பே மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் குஞ்சு வருகிறது. அது இரண்டு நாள் வரை தாராளமாகத் தாங்கும். ஒருநாள் குஞ்சுகளைப் பெட்டியில் போட்டு வெளியூருக்கு அனுப்ப முடிவதே இதனால்தான். ஆனாலும் ரோமம் காய்ந்து விரிந்ததும் எடுத்து புரூடரில் (குஞ்சுகளைச் சூடு கொடுத்து வளர்க்கும் பெட்டி) விட்டுவிடுவது நல்லது. ஒரு நாளுக்கு மேல் மெஷின் சூட்டில் கிடந்தால் குஞ்சு வற்றிப்போகும்.

முழுசாக ஒரு நாள் ஆகிவிட்டது. ரோமம் விரியவே இல்லை, நுனி சுருண்டு முடிச்சு முடிச்சாக நிற்கிறது. தனியாகப் பொரித்ததும் இல்லை, கூட இருக்கும் குஞ்சுகளிலும் நாலைந்து அப்படித்தான்.

இதுதான் கவனிக்க வேண்டியது. தடித்த குண்டூசிகளைச் செருகி வைத்தது போல, ஒவ்வொரு ரோமமும் உறையை உடைக்க முடியாமல் உள்ளுக்குள்ளேயே சுருண்டு தடித்து நிற்கும். கழுத்திலும் தொடையிலும் முதுகிலும் பார்த்தால் நன்றாகத் தெரியும். இதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது தாய்க்கோழியின் தீவனத்தில் ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2, குறைவு.

ரோமத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கூடவே மூன்று விஷயம் பாருங்கள். குஞ்சின் கால் விரல்கள் உள்பக்கமாக மடங்கி, கணுக்காலில் உட்கார்ந்து நகர்கிறதா? பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்த்தால் இறந்த கருக்கள் வயதுக்கு ஏற்ற வளர்ச்சி இல்லாமல் குள்ளமாக, நீர் கோத்து வீங்கி இருக்கின்றனவா? அந்தச் சாவுகளில் பல அடைகாலத்தின் நடுவில், பத்திலிருந்து பதினான்காம் நாளுக்குள் நடந்தவையா? மூன்றும் ஆம் என்றால் அனேகமாக பி2 பற்றாக்குறைதான். பொரிக்காத முட்டையை "கூமுட்டை" என்று சொல்லிக் குப்பையில் போட்டுவிடுகிறோம் பாருங்கள், உண்மையில் ஒரு பேட்ச் பற்றி நமக்குத் தெரிய வேண்டியதில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டாவது உடைத்துப் பார்த்துவிட வேண்டும்.

தாய்க்கோழி நல்லா கொழுகொழுவென்று இருக்கு, முட்டையும் விடாமல் இடுது. அதுக்கு எப்படிச் சத்துக்குறை வரும்?

இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது. கோழி தன் உடம்பை ஓட்டவும் முட்டை இடவும் தேவையான பி2 வேறு, அந்த முட்டைக்குள் 21 நாள் ஒரு உயிர் வளரத் தேவையான பி2 வேறு. இரண்டாவது அதிகம். அதனால் கோழி பார்க்க நன்றாக இருக்கும், முட்டை எண்ணிக்கையும் பெரிதாகக் குறையாது, பொரிப்பு மட்டும் விழுந்துவிடும். சாப்பாட்டு முட்டைக்கான லேயர் தீவனத்தைப் போட்டு அடைமுட்டை எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அந்தத் தீவனம் பொரிப்புக்காகத் தயாரித்தது இல்லை. அடைமுட்டைக் கோழிகளுக்கென்றே வரும் பிரீடர் தீவனத்தில் வைட்டமின் அளவே வேறு.

நாட்டுக்கோழியில் இது ஏன் முன்பு அவ்வளவாக இல்லை, இப்போது ஏன் வருகிறது என்றால், வலை போட்டு அடைத்து வளர்க்க ஆரம்பித்துவிட்டோம். மேய்கிற கோழி புல்லைக் கொத்தும், புழுவைத் தின்னும், மாட்டுச் சாணக் குப்பையைக் கிளறும், அதிலெல்லாம் பி வைட்டமின்கள் கிடைத்துவிடும். வலைக்குள் அடைத்து வெறும் மக்காச்சோளமும் கம்பும் குருணையும் மட்டும் போட்டால் எங்கிருந்து கிடைக்கும்? தானியங்களில் பி2 மிகவும் குறைவு.

ஒரு சின்னத் தடயம் சொல்கிறேன். பச்சை முட்டையை வெள்ளைத் தட்டில் உடைத்து ஊற்றினால் வெள்ளைக்கருவில் லேசான பச்சை கலந்த மஞ்சள் சாயல் தெரியும். அந்தச் சாயல் ரிபோஃப்ளேவினுடையது. நன்றாக மேயும் கோழியின் முட்டையையும் உங்கள் கோழியின் முட்டையையும் பக்கத்துப் பக்கத்தில் உடைத்துப் பாருங்கள். இது லேப் சோதனைக்கு மாற்று இல்லை, ஆனால் செலவில்லாத சோதனை.

அப்போ கோழிக்கு என்ன கொடுக்கணும்?

தினமும் கீரை. முருங்கை, அகத்தி, குதிரைமசால், அசோலா, எது கிடைக்கிறதோ அது. மோர் மிஞ்சினால் ஊற்றலாம். கரையான் பிடித்துப் போடும் பழக்கம் இருந்தால் விடாதீர்கள். அடைமுட்டைக்கென்று பத்து இருபது கோழிக்கு மேல் வைத்திருந்தால், கீரையை மட்டும் நம்பாமல் பிரீடர் தீவனம் அல்லது நல்ல வைட்டமின் கலவை வாங்குவதுதான் சரி. தண்ணீரில் கலக்கும் பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தால் லேபிளில் போட்ட அளவே போதும்.

பி2 வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். மருந்து பாட்டிலை ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்துவிட்டு, "மருந்து கொடுத்தேன் கேட்கலையே" என்பவர்கள் உண்டு. வைட்டமின் தண்ணீரையும் வெயிலில் வைக்காமல் நிழலில் வையுங்கள், அன்றன்றைக்குக் கலந்து அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். தீவனத்தைச் சரிசெய்த பிறகு முட்டையில் சத்து சீக்கிரமே ஏறிவிடும். இரண்டு வாரம் கழித்து இட்ட முட்டைகளை அடுத்த அடைக்கு எடுங்கள், அதற்கு முந்தையதைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பொரித்து வந்த குஞ்சுகளைக் காப்பாற்ற முடியுமா?

ரோமம் மட்டும் சுருண்டு, நடை சரியாக இருந்தால் முடியும். வைட்டமின் தண்ணீரும் குஞ்சுகளுக்கான நல்ல ஸ்டார்ட்டர் தீவனமும் கொடுங்கள், புரூடரில் சூடு மற்ற குஞ்சுகளுக்கு வைப்பதைவிடக் குறையாமல் பாருங்கள், ஏனென்றால் விரியாத ரோமம் குளிரைத் தடுக்காது. இந்தப் பஞ்சு ரோமம் எப்படியும் சில வாரத்தில் உதிர்ந்து இறகு முளைக்கப் போகிறது. விரல் மடங்கியிருந்தால் முதல் சில நாட்களுக்குள் மருந்து கொடுத்தால் பல குஞ்சுகள் எழுந்து நடக்கும், ஆனால் வாரக்கணக்கில் விட்டுவிட்டால் நரம்பு கெட்டுப்போகும், பிறகு எதைக் கொடுத்தும் பயனில்லை.

சத்தெல்லாம் சரியாகக் கொடுத்தும் ஒரு கோழியின் முட்டை மட்டும் இப்படியே ஆகிறது.

அரிதாக இதற்குப் பரம்பரைக் காரணமும் உண்டு. வெள்ளை லெகார்ன் இனத்தில் ஒரு மரபுக் குறை கண்டறியப்பட்டது. அந்தக் கோழி எவ்வளவு பி2 தின்றாலும் அதை முட்டைக்குள் கொண்டுசேர்க்கும் புரதம் அதற்கு இருக்காது, கருக்கள் நடுவிலேயே இறந்துவிடும். வீட்டுக் கோழியில் இதைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, அந்தக் கோழியை அடைமுட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் போதும்.

மாங்கனீசு, துத்தநாகம் குறைந்தாலும் ரோமம் கெடும். ஆனால் அப்போது கால் எலும்பு குட்டையாவது, கிளி மூக்கு மாதிரி அலகு வளைவது என்று எலும்பில்தான் முதலில் கண்ணில் படும்.

ரோமத்தில் பசை தடவினது போல ஒட்டிக்கொண்டு, ஓட்டுத் துண்டோடு வருகிறது.

இது தீவனம் இல்லை, மெஷின். இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது.

குஞ்சு பெரிதாக, மெத்தென்று, வெள்ளைக்கரு பூசிய மாதிரி கொழகொழவென்று வந்தால் முதல் 18 நாளில் ஈரப்பதம் அதிகம், அல்லது சூடு குறைவு. முட்டையிலிருந்து வெளியேற வேண்டிய நீர் வெளியேறவில்லை. அதற்கு மாறாக, குஞ்சு சின்னதாக, ஓட்டின் உள்சவ்வு காய்ந்து ரோமத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால் கடைசி மூன்று நாளில் ஈரப்பதம் போதவில்லை. அந்த நேரத்தில் "எத்தனை ஓட்டை போட்டிருக்குன்னு பார்ப்போம்" என்று மணிக்கொரு தரம் மூடியைத் திறப்பவர்களுக்கு இது கண்டிப்பாக நடக்கும். இப்படிப் பிய்த்துக்கொண்டு வரும் குஞ்சுக்கு முதுகிலோ தலையிலோ சொட்டை விழும். பயப்பட வேண்டாம், இறகு வரும்போது மூடிவிடும். ஒட்டிய ஓட்டுத் துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து எடுங்கள், இழுக்காதீர்கள்.

அளவு என்று கேட்டால், ஃபேன் உள்ள மெஷினுக்கு 37.5 டிகிரி, முதல் 18 நாள் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. எல்லாரும் இதைச் சொல்வார்கள், ஆனால் மெஷின் காட்டும் எண் உண்மையா என்று பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். தெர்மாகோல் பெட்டி மெஷின்களில் வரும் மீட்டர்களை நான் நம்புவதே இல்லை. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் மெஷினின் சென்சாரையும் ஒரே வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றாக முக்கிப் பாருங்கள் (தண்ணீர் தாங்கும் சென்சாராக இருந்தால் மட்டும்). ஈரப்பத மீட்டருக்கு உப்புச் சோதனை: ஒரு மூடியில் சமையல் உப்பைச் சில துளி தண்ணீர் விட்டுச் சேறு போலக் குழைத்து, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வைத்தால் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் மீட்டர் 7 குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம்விட நம்பகமானது தராசு. வைக்கும்போது 40 கிராம் இருந்த முட்டை 18ஆம் நாள் 35 கிராம் பக்கம் வந்திருக்க வேண்டும், அதாவது 12, 13 சதவீதம் குறைய வேண்டும். 37ஆகவே நின்றால் தண்ணீர்த் தட்டை எடுங்கள். கடலோரத்தில் மழைக்காலத்தில் தட்டே வேண்டியிருக்காது.

பசையெல்லாம் இல்லை. ரோமம் குட்டையாக, அடர்த்தி இல்லாமல், தோல் தெரிகிற மாதிரி இருக்கு.

எத்தனையாவது நாள் பொரித்தது என்று பாருங்கள். 19, 20ஆம் நாளே வந்துவிட்டால் சூடு அதிகம். அதனுடன் ஈரப்பதமும் குறைவாக இருந்தால் ரோமம் இன்னும் குட்டையாகத் தெரியும். தொப்புளும் சரியாக மூடியிருக்காது, அதையும் பாருங்கள்.

கழுத்தில் மட்டும் முடியே இல்லை. மற்ற இடமெல்லாம் சாதாரணம்.

கழுத்தறுத்தான் கோழி. நோய் இல்லை, கோளாறும் இல்லை. ஒரே ஒரு மரபணு, அது தாய் அல்லது தகப்பன் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், பொரித்த அன்றே கழுத்து மொட்டையாகத் தெரியும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்திருந்தால் கழுத்தின் முன்பக்கம் ஒரு சின்னக் கொத்து முடி இருக்கும், இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருந்தால் அனேகமாக மொத்தமாகவே மொட்டை. கழுத்துத் தோலில் ரோம மொட்டு உருவாவதைத் தடுக்கும் ஒரு புரதம் அளவுக்கு மீறிச் சுரப்பதால் இப்படி ஆகிறது என்று எடின்பரோவின் ராஸ்லின் ஆய்வகத்தினர் 2011இல் காட்டினார்கள். உடம்பு முழுவதும் இறகு குறைவு என்பதால் வெயிலைத் தாங்கும், நம் ஊருக்கு ஏற்ற கோழி. பார்க்க அழகாக இல்லை என்று கழித்துக்கட்டுவது எனக்குப் புரியாத ஒன்று.

உடம்பு முழுக்கவே மொட்டையாக ஒரு குஞ்சு வந்திருக்கு!

அரிது, ஆனால் பதிவாகியிருக்கிறது. 1938இல் ஹட், ஸ்டர்க்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் விவரித்த வகை, பாலினத்தோடு சேர்ந்து கடத்தப்படுவது. அதனால் மொட்டையாக வருவது பெரும்பாலும் பெட்டைக் குஞ்சுகள். தாய்க்கும் தகப்பனுக்கும் முழு இறகு இருக்கும், மொட்டைக் குஞ்சுகளில் பாதியளவு பொரிக்கும் முன்பே செத்துவிடும். இன்னொன்று 1957இல் கலிபோர்னியாவில் பதிவான வகை, அதற்கு இறகோடு கால் செதில்களும் கிடையாது. அதைச் சாதாரண பிராய்லரோடு கலந்துதான் இஸ்ரேலின் ரெஹோவோட்டில் அவிக்டோர் கஹானர் 2002இல் இறகில்லாக் கோழியை உருவாக்கிக் காட்டினார். சூடான நாடுகளுக்கு ஏற்றது என்பது வாதம். வெயில், கொசு, சேவல் மிதிக்கும்போது முதுகில் படும் கீறல் எல்லாம் யோசித்துப் பார்த்தால் எனக்கு அந்த வாதம் எடுபடவில்லை.

உங்கள் குஞ்சு பிழைத்தால் தனியாக, சூட்டோடு வளருங்கள். மற்றவை கொத்தும்.

பரம்பரையா, தீவனமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பல கோழிகளின் முட்டைகளில் ஒரே நேரத்தில் வந்தால் தீவனம் அல்லது மெஷின். ஒரே கோழியின் முட்டையில், பேட்ச் பேட்சாக, ஏறக்குறைய நாலில் ஒன்று என்ற கணக்கில் வந்தால் பரம்பரை. முட்டையில் பென்சிலால் கோழியின் அடையாளமும் தேதியும் எழுதினால்தான் இது தெரியும். ஒரே சேவலை வருடக்கணக்கில் வைத்து அதன் மகள்களோடே சேர விடும் இடங்களில் இப்படி மறைந்திருந்தவை வெளியே வரும். சேவலை மாற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

சில்கி முட்டை என்று வாங்கிப் பொரித்தேன், குஞ்சு சாதாரணக் குஞ்சு மாதிரியே இருக்கு. ஏமாற்றிவிட்டார்களா?

பஞ்சு ரோமத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. சில்கி என்பது பஞ்சு போன்ற இறகுள்ள இனம், அதன் வித்தியாசம் பின்னால் வரும் இறகில்தான். ஐந்து விரலும் கருத்த தோலும் இருக்கிறதா பாருங்கள், அது முதல் நாளே தெரியும். இறகு சிலிர்த்துச் சுருளும் கோழி வகையும் அப்படித்தான், இறக்கையில் இறகு முளைக்கத் தொடங்கிய பிறகே சுருள் தெரியும். அந்த வகையில் சிலிர்த்த சேவலையும் சிலிர்த்த பெட்டையையும் சேர்க்காதீர்கள். நாலில் ஒரு குஞ்சுக்கு இறகு நிற்காமல் ஒடிந்து விழும்.

ஒரே பேட்சில் ஒன்று கோடு போட்டது, ஒன்று கருப்பு, ஒன்று மஞ்சள். நிறத்தில் கோளாறு உண்டா?

நாட்டுக்கோழியில் இது சகஜம். கடக்நாத் குஞ்சு நீலம் கலந்த கருப்பில், முதுகில் ஒழுங்கில்லாத கோடுகளோடு வரும். கவலைப்பட வேண்டிய நிறம் இரண்டுதான். பச்சையாகக் கறைபடிந்து வந்தால் குஞ்சு முட்டைக்குள்ளேயே எச்சமிட்டுத் திணறியிருக்கிறது. பிராய்லர் பேட்சில் மஞ்சளாக வர வேண்டிய குஞ்சுகள் சில வெளுத்து, சோர்ந்து வந்து, பொரிப்பும் திடீரென்று குறைந்திருந்தால் தாய்க்கோழிகளைத் தாக்கிய ஆஸ்ட்ரோ வைரஸ் காரணமாக இருக்கலாம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் பிரேசிலிலும் பதிவானது. அந்த வெளுத்த குஞ்சுகள் பெரும்பாலும் பிழைக்காது. தாய்க்கோழிகள் சில வாரத்தில் சரியாகிவிடும்.

மாறாக, வழக்கத்தைவிட ஆழ்ந்த மஞ்சள் என்றால் ஹேச்சரியில் ஃபார்மலின் புகை போட்டிருப்பார்கள். தெருவில் ரோஸ், பச்சை நிறத்தில் விற்கிற குஞ்சுகளுக்கு வெறும் சாயம்தான். பெரும்பாலும் முட்டைக்கோழி ஹேச்சரிகள் கழித்துவிடும் ஆண் குஞ்சுகள் அவை. இறகு முளைத்ததும் சாயம் போய்விடும், அதுவரை உயிரோடு இருந்தால்.

ஒன்றுக்கு இறக்கை நீளம், இன்னொன்றுக்குக் குட்டை. நீளமானது பெட்டை என்கிறார்களே?

அது கம்பெனிக் குஞ்சுகளுக்குப் பொருந்தும். வேகமாக இறகு வரும் சேவலையும் மெதுவாக வரும் பெட்டையையும் திட்டமிட்டுச் சேர்த்தால் ஆண் குஞ்சு மெதுவாகவும் பெண் குஞ்சு வேகமாகவும் இறகு விடும். முற்றத்தில் திரியும் கோழிகளிடம் அந்தக் கணக்கு எடுபடாது.

அசில் குஞ்சுகளுக்கு வாரங்கள் கடந்தும் முதுகு மொட்டையாகவே இருந்தால் அது அந்த இனத்தின் வழக்கம், குறிப்பாகச் சேவல் குஞ்சுகளுக்கு.

புறாக் குஞ்சு முடியில்லாமல் வந்திருக்கு, அதுவும் சத்துக்குறையா?

வெளிர் நிறப் புறாக்களின் குஞ்சுகள் மிகக் குட்டையான ரோமத்தோடுதான் வரும், ஏறக்குறைய மொட்டையாகவே தெரியும். நிறத்தோடு சேர்ந்த மரபு அது. விட்டுவிடுங்கள்.

டாக்டரிடம் எப்போது போவது, எதைக் கொண்டுபோவது?

ஒரு பேட்சில் பல குஞ்சுகளுக்கு ஒரே மாதிரிக் கோளாறு, தொப்புளைச் சுற்றி ரோமம் ஈரமாகி நாற்றம், விரல் மடங்கல், பொரிப்பு திடீர்ச் சரிவு, இதில் எது இருந்தாலும் போங்கள். பின்பக்க ரோமத்தில் எச்சம் காய்ந்து அடைப்பது மட்டும் என்றால் வெந்நீர்ப் பஞ்சால் துடைத்துவிட்டுச் சூட்டைச் சரிபார்த்தால் போதும்.

குஞ்சின் போட்டோவை மட்டும் காட்டினால் டாக்டரால் ஒன்றும் சொல்ல முடியாது. அரசுக் கால்நடை மருந்தகத்துக்கோ கால்நடைப் பல்கலைக்கழக மையத்துக்கோ போகும்போது இரண்டு உயிருள்ள குஞ்சு, அன்று செத்த குஞ்சு இருந்தால் ஐஸ் வைத்து அதுவும், பொரிக்காத முட்டை ஐந்தாறு உடைக்காமல், தாய்க்கோழித் தீவனம் அரைக் கிலோ, மெஷினில் எழுதி வைத்த சூடு ஈரப்பதக் குறிப்பு, இவ்வளவும் எடுத்துப் போங்கள். செத்த குஞ்சை ஃப்ரீசரில் உறைய வைத்துவிடாதீர்கள், உறைந்தால் திசுவைப் பார்த்துச் சொல்வது கஷ்டம்.